ஒரே ஊர், ஒரே சேனல், ஐம்பது ஆண்டுகள்

ஹூஸ்டனில் எந்தத் தமிழ் விருந்துக்குப் போனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். தமிழ்நாட்டு அமைச்சரவையில் யாருக்கு எந்த இலாகா, அடுத்த தேர்தலில் யாரோடு யார் கூட்டணி என்று சாம்பார் ஆறிப்போகும் வரை பேசுவார்கள். அதே ஆட்களிடம், "சார், நம்ம கவுன்ட்டி கமிஷனர் யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "அட, அதெல்லாம் யாருக்குத் தெரியும்!" என்று சிரித்துவிட்டு மறுபடி சென்னைக்கே போய்விடுவார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இதே கதைதான் என்று அங்கே இருக்கும் என் உறவுக்காரர்கள் சொல்கிறார்கள்.

சொந்த ஊர்ப் பாசத்தைக் குறை சொல்ல நான் யார்? நானும் திருச்சிக்காரன்தான். 1988-ல் இரண்டு பெட்டியோடு ஹூஸ்டனில் வந்து இறங்கியவன். இங்கே வந்த பிறகு இந்த ஊரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பக்கத்து வீட்டுக்காரரோ அலுவலக நண்பரோ கிடையாது. தினமும் மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்த ஒரு செய்தி வாசிப்பாளர். பெயர் டேவ் வார்ட். அமெரிக்காவுக்கு வெளியே அவரை யாருக்கும் தெரியாது. ஏன், பக்கத்து ஊரான டாலஸிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் ஹூஸ்டனில் அவரைத் தெரியாத வீடு கிடையாது.

ரேடியோவிலிருந்து சேனல் 13

டேவ் வார்ட் 1939-ல் டெக்ஸாஸில் பிறந்தவர். ஹூஸ்டனில் ஒரு வானொலி நிலையத்தில் செய்தியாளராக இருந்துவிட்டு, 1966 நவம்பரில் கேடிஆர்கே என்னும் சேனல் 13-ல் சேர்ந்தார். ஏபிசி நெட்வொர்க்கின் ஹூஸ்டன் நிலையம் அது. அப்போது அந்தச் சேனலுக்குச் செய்தியில் பெரிய பெயர் கிடையாது. கேமராவையும் தானே தூக்கிக்கொண்டு, சம்பவ இடத்துக்குப் போய், படம் பிடித்து, வந்து செய்தியும் சொல்லும் வேலை அவருக்கு. இடையில் 'டயலிங் ஃபார் டாலர்ஸ்' என்ற காலை நேரப் பரிசு நிகழ்ச்சியையும் நடத்தியிருக்கிறார். சில வருஷங்களில் மாலைச் செய்தியின் முகமாக ஆனார்.

அங்கேயே இருந்தார். 2016-ல் கின்னஸ் அமைப்பு, ஒரே ஊரில் ஒரே நிலையத்தில் மிக நீண்ட காலம் பணியாற்றிய உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் என்று அவரை அங்கீகரித்தது. அப்போது கணக்கு 49 ஆண்டுகள் 218 நாட்கள். 2017 மே 2 அன்று விடைபெற்றபோது ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்.

இந்த எண்ணின் கனம் புரிய, அமெரிக்க உள்ளூர்ச் செய்தித் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இந்த நாட்டைத் தொலைக்காட்சிக்காக 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சின்ன ஊரில் வேலையைத் தொடங்கும் இளம் செய்தியாளர் இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் அதைவிடப் பெரிய ஊருக்குப் போவார். அங்கிருந்து இன்னும் பெரிய ஊர். கடைசியில் நியூயார்க், அல்லது தேசிய நெட்வொர்க். நம்ம ஐடி பையன்கள் கம்பெனி மாறுவதைப் போலத்தான். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் முதலில் மாற்றப்படுவதும் செய்தி வாசிப்பவரின் முகம்தான். அப்படிப்பட்ட தொழிலில் ஒருவர் அரை நூற்றாண்டு ஒரே இடத்தில் இருந்தார் என்றால், நிலையமும் ஊரும் அவரும் மூன்று பேருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு அது.

"மாலை வணக்கம், நண்பர்களே"

என் தலைமுறைக்குச் செய்தி என்றால் முதலில் ஒரு குரல். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று டெல்லியிலிருந்து வரும் குரலுக்குக் கடிகாரத்தைத் திருத்தி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் குரலில் ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் அது டெல்லியிலிருந்து நாடு முழுவதையும் பற்றிப் பேசிய குரல். உறையூரில் குழாய் உடைந்தது அந்தச் செய்தியில் வராது.

ஹூஸ்டனில் நான் கேட்டது வேறு ரகம். 'கூல் ஹேண்ட் லூக்' என்ற பழைய திரைப்படத்தின் இசைத் துணுக்கு ஒன்று தந்தி அடிப்பதுபோல் படபடவென்று ஒலிக்கும். அடுத்து வார்ட் வந்து, "குட் ஈவினிங், ஃப்ரெண்ட்ஸ்" என்பார். நண்பர்களே என்று விளிப்பது நம்ம மேடைப் பேச்சில் சாதாரணம். ஒரு செய்தி வாசிப்பாளர் அப்படி அழைத்தது எனக்குப் புதுசு. 2019-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதைக்கும் அதுவே தலைப்பு.

பிறகு எந்தச் சாலையில் லாரி கவிழ்ந்தது, எந்தப் பள்ளி வட்டாரத்தில் வரி ஏறுகிறது, நாளைக்கு மழை எத்தனை மணிக்கு. பாதிச் சொற்கள் எனக்கு அங்கேதான் பழகின. 'ஹம்பிள்' என்று எழுதியிருக்கும் ஊரை 'அம்பிள்' என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் 'கைகெண்டால்' சாலையை 'கர்க்கெண்டால்' என்றால்தான் ஊர்க்காரர்களுக்குப் புரியும். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஆறு மணிச் செய்தி சொல்லித் தந்தது.

தொண்ணூறுகளில் அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார்கள். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் மாலை ஆறு மணிக்கு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்கள். "இந்த மனுஷர் லீவே போட மாட்டாரா?" என்று கேட்பார்கள். வாரக் கடைசியில் வேறு ஆள் வந்தால், "அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். பேசுவது புரியாவிட்டாலும், அவர் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு ஊரில் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

வார்ட் தனி ஆளாக இருந்ததில்லை. மார்வின் ஜிண்ட்லர் என்று ஒருவர் கூட இருந்தார். வெள்ளை விக், நீலக் கண்ணாடி, பளபளக்கும் கோட்டு. ஷெரீஃப் அலுவலகத்தில் நுகர்வோர் மோசடிப் பிரிவில் இருந்தவரை 1973-ல் சேனலுக்குக் கொண்டுவரச் சொன்னவர் வார்ட்தான். சுகாதார ஆய்வில் மாட்டிய உணவகங்களின் பட்டியலை ஜிண்ட்லர் வாரந்தோறும் வாசிப்பார். "ஐஸ் மெஷினில் பாசி!" என்று அவர் போடும் கூச்சல் ஊருக்கே மனப்பாடம். ஹில்க்ராஃப்ட் பக்கத்து நம்ம ஊர் உணவகங்களில் ஏதாவது பட்டியலில் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே பார்ப்போம். 2007-ல் புற்றுநோயால் அவர் இறக்கும் காலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தும் செய்தி தந்தார்.

இதெல்லாம் உயர்ந்த பத்திரிகைத் தொழிலா என்று கேட்டால், எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க உள்ளூர்ச் செய்திக்கு ஒரு நோய் உண்டு. ரத்தம் தெரிந்தால் அதுவே முதல் செய்தி. கொலை, கொள்ளை, துப்பாக்கிச் சூடு என்று அடுக்கிப் பார்ப்பவனைப் பயமுறுத்திவிடுவார்கள். சில பேட்டைகள் குற்றத்துக்கு மட்டுமே திரையில் வரும். குற்றம் பற்றித் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு தரும் 'க்ரைம் ஸ்டாப்பர்ஸ்' அமைப்பை ஹூஸ்டனில் தொடங்கியவர்களில் வார்ட்டும் ஒருவர். அது பல வழக்குகளுக்கு உதவியது. ஆனால் ஊரையே குற்றப் பட்டியலாகப் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தச் சேனலும் விதிவிலக்கு கிடையாது. அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்களின் முகம் திரையில் தெரிந்ததும் அபூர்வம். 1982-ல் குடமுழுக்கு கண்ட பியர்லாந்து மீனாட்சி கோவில் ஹூஸ்டனின் எல்லையிலேயே இருக்கிறது. அதைச் செய்தியில் பார்த்தால் போன் போட்டு நண்பர்களிடம் சொல்லும் அளவுக்கு அது அதிசயமாக இருந்தது.

உலகச் செய்தி, ஊர்ச் செய்தி

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை காலை. கொலம்பியா விண்ஓடம் டெக்ஸாஸ் வானத்தில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். உலகத்துக்கு அது விண்வெளிச் செய்தி. இந்தியாவுக்கு கல்பனா சாவ்லா என்ற பெயர். ஹூஸ்டனுக்கு அது அக்கம்பக்கத்துச் சாவு. அந்த ஏழு பேரும் இங்கே, நாசா பக்கத்தில் குடியிருந்தவர்கள். நாம் போகும் கடைக்கு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் படித்தவர்கள். தேசியச் சேனல் வெப்பக் கவசம் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளூர்ச் சேனல்கள் நாசா வாசலில் பூ வைத்த மக்களிடம் பேசிக்கொண்டிருந்தன.

2001 டிசம்பரில் என்ரான் திவாலானபோதும் அப்படித்தான். வெளியே அது பங்குச் சந்தை ஊழல். உள்ளூரில் அது ஒரே நாளில் வேலை இழந்த சுமார் 4,000 பேர். அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு கட்டடத்திலிருந்து வெளியே வந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். விசா கதி என்ன, வீட்டுக் கடன் கதி என்ன என்று அந்த வாரம் எத்தனை வீடுகளில் பேச்சு!

தேசியச் செய்தி ஒரு சம்பவத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். உள்ளூர்ச் செய்தி மறுநாளும் இங்கேதான் இருக்கும். ஐம்பது வருஷம் இருந்தவர் நேற்றையும் அதற்கு முந்தைய நாளையும் சேர்த்துத் தெரிந்தவர்.

வெள்ளத்தின் ஞாபகம்

ஹூஸ்டனில் ஞாபகம் என்றால் அது தண்ணீரின் ஞாபகம்தான். 1983 ஆகஸ்டில் அலிசியா புயல், நகர மையத்தின் கண்ணாடிகளை உடைத்துப் போட்டது. 2001 ஜூனில் அலிசன், மருத்துவமனை வளாகங்களை மூழ்கடித்தது. மின்சாரம் போன ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2005 செப்டம்பரில் ரீட்டா. கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை அழித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் காரில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் ஒரு நாளுக்கும் மேலாக உறைந்து நின்றன. பெட்ரோல் இல்லை, தண்ணீர் இல்லை, தாங்க முடியாத வெயில். புயல் கடைசியில் திசை மாறியது. ஆனால் ஓடும்போது இறந்தவர்கள் நூறு பேர் அளவில். முதியோர் இல்லப் பேருந்து ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்ததும் அதில் சேர்த்தி. 2008 செப்டம்பரில் ஐக் புயல் வந்து பல வாரங்கள் மின்சாரம் இல்லாமல் பண்ணியது.

இத்தனையும் நடந்த காலமெல்லாம் வார்ட் அந்தச் சேனலில் இருந்தார்.

அவர் விடைபெற்று நாலு மாதம்கூட ஆகவில்லை. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி வந்தது. நாலு நாளில் ஊரின் பல பகுதிகளில் நாற்பது அங்குலத்துக்கும் மேல் மழை. போட்டிச் சேனலான கேஹெச்ஓயூ-வின் கட்டடத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, ஊழியர்கள் ஒளிபரப்பை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் நம்ம தமிழ் வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "குடிதண்ணீரை நிறுத்தப் போகிறார்களாம், எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வையுங்கள்" என்று ஒரு செய்தி. மாநகராட்சி அதை மறுத்தது. "முகாமுக்குப் போனால் விசா பேப்பர் கேட்பார்களாம்" என்று இன்னொன்று. மேயர் சில்வெஸ்டர் டர்னர் நேரடியாக வந்து அப்படிக் கேட்க மாட்டோம் என்றார். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற ஒருவர் இந்த வதந்தியை நம்பி முகாமுக்குப் போகாமல் இருந்தால் என்ன ஆகும்? வதந்தி விளையாட்டு விஷயம் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

"ஏன் ஊரைக் காலி பண்ணச் சொல்லவில்லை? இது என்ன அரசாங்கம்?" என்று சமீபத்தில் குடிவந்த பலர் கோபப்பட்டார்கள். ரீட்டாவைப் பார்த்தவர்களுக்கு மேயரின் முடிவு புரிந்தது. பிடிக்காவிட்டாலும் காரணம் தெரிந்தது. மழை ஒன்றுதான். ஊரின் ஞாபகம் இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் அது வேறு வேறு பயமாக இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஊரின் மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு. 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, 1940-களில் ராணுவப் பொறியியல் பிரிவு கட்டியவை. மற்ற நாட்களில் அவை பூங்கா மாதிரி காய்ந்து கிடக்கும். அவற்றின் நீர்ப்பரப்பு எல்லைக்குள்ளேயே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டி விற்கப்பட்டன. நல்ல பள்ளிக்கூடம் என்று தமிழர்கள் தேடிப் போன கேட்டி வட்டாரமும் அந்தப் பக்கம்தான். ஹார்வியில் நீர் ஏறியபோதுதான் பலருக்கு, தாங்கள் குடியிருப்பது ஏரிக்குள் என்பதே தெரிந்தது. சில மனைகளின் வரைபடத்தில் அது சின்ன எழுத்தில் எழுதியே இருந்தது. ஹூஸ்டன் வெள்ளத்துக்குத் தயாராக இல்லை என்று 2016-லேயே டெக்ஸாஸ் ட்ரிப்யூன், புரோபப்ளிகா செய்தியாளர்கள் விரிவாக எழுதியிருந்தார்கள். செய்தி இருந்தது. அதைப் படிக்க வேண்டிய நம் வீடுகளில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது சென்னையின் விவாத மேடை.

யார் சொல்லித் தருவார்கள்?

புலம்பெயர்ந்தவன் ஒரு ஊருக்கு வரும்போது படிப்பைக் கொண்டுவரலாம், பணத்தைக் கொண்டுவரலாம், கறிவேப்பிலைச் செடியைக்கூடக் கொண்டுவரலாம். வந்த ஊரின் ஞாபகத்தைக் கொண்டுவர முடியாது. இங்கே நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் தாத்தா பேரனிடம், "அந்தத் தெருவில் வீடு வாங்காதே, நான் சின்னப் பையனாக இருந்தபோது அங்கே தண்ணி நின்றது" என்று சொல்லிவிடுவார். நம்ம பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நம்ம தாத்தாக்களுக்குக் காவிரியில் வெள்ளம் வந்த வருஷம் தெரியும். பஃபலோ பாயூவில் வந்த வருஷம் தெரியாது.

அந்த வெற்றிடத்தைத்தான் டேவ் வார்ட் மாதிரியானவர்கள் நிரப்பினார்கள். வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் ஒரே ஊரை, ஒரே நேரத்தில், ஒரே குரலில் சொன்னார்கள். இவர் மட்டும்தான் என்று இல்லை. டொராண்டோக்காரர்கள் கார்ட் மார்ட்டினோவை நினைப்பார்கள். 1977-ல் சிட்டி டிவிக்கு வந்து 2016 வரை இருந்தவர். சிட்னிக்காரர்களுக்கு, 2002-ல் ஓய்வுபெறும் வரை சேனல் நைனில் பல பத்தாண்டுகள் செய்தி வாசித்த பிரையன் ஹெண்டர்சன்.

இனிமேல் அப்படி ஐம்பது வருஷம் உட்காரும் ஒருவர் வருவாரா என்பது சந்தேகம்தான். "ஆறு மணிக்கு யாருப்பா டிவி பாக்கறா?" என்பாள் என் மகள். அவள் கேட்பது நியாயம். அவளுக்குச் செய்தி கைபேசியில் வருகிறது, அதுவும் அவளுக்குப் பிடித்தது என்று ஒரு கணினி முடிவு செய்தது மட்டும். ஹூஸ்டனின் இரண்டு பெரிய நாளிதழ்களில் ஒன்றான 'ஹூஸ்டன் போஸ்ட்' 1995-லேயே மூடிவிட்டது. ஊரைக் கவனிக்கும் கண்கள் குறைந்துகொண்டே போகின்றன.

இதில் பணயம் என்ன என்று கேட்டால், ஒரு தேதி சொல்கிறேன். 2018 ஆகஸ்ட் 25. ஹார்வி வந்து சரியாக ஒரு வருஷம். வெள்ளத் தடுப்புக்காக 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஹாரிஸ் கவுன்ட்டியில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும் ஆதரவோடு நிறைவேறியது. எந்தக் கால்வாயை முதலில் ஆழப்படுத்துவது, எந்தப் பேட்டைக்கு எவ்வளவு என்ற சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்தச் சண்டையில் கலந்துகொண்ட பேட்டைகளுக்குக் குரல் இருந்தது. கூட்டம் நடப்பதே தெரியாத பேட்டைகளுக்கு இல்லை. நம் வீட்டு வாசலில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்வது கோட்டையில் இருக்கும் அமைச்சர் இல்லை. இங்கே, பத்து மைல் தூரத்தில், பெயர்கூட நமக்குத் தெரியாத ஒரு கமிஷனர்.

தமிழ்ச் செய்தியை விடுங்கள் என்று சொல்லவில்லை. நானும் காலையில் காபியோடு திருச்சிச் செய்தியைத்தான் முதலில் பார்க்கிறேன். அதற்கு அடுத்தபடியாக, நீங்கள் வரி கட்டுகிற ஊரின் செய்திக்கு ஒரு பத்து நிமிஷம். உள்ளூர் நாளிதழ் ஏதாவது உயிரோடு இருந்தால் அதற்கு ஒரு சந்தா. தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து நடிகரை அழைக்கிற நாம், ஒரு தடவை உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரையும் அழைக்கலாம். இந்த ஊரில் எங்கே தண்ணீர் நிற்கும், எந்தச் சாலை முதலில் மூடும், யாரிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும்.

ஐம்பது வருஷம் ஒரே ஊரைப் பற்றிப் பேசியதைத் தவிர டேவ் வார்ட் உலக சாதனை என்று வேறொன்றும் செய்துவிடவில்லை. அது போதுமானதாக இருந்தது. உங்கள் ஊரில் அந்த வேலையை இன்றைக்குச் செய்துகொண்டிருப்பவர் யார்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?